அடிப்பாதி

ஒரே ஒரு கிளாஸைத்தான் மேசையில் வைத்தார் ஆவுடையப்பன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபத்துமூன்று வயதில் ஒன் பை டூ!

உள்ளே கிரீன் டீ. குடித்தால் சுகர் குறையும் என்று மருமகள் பெட்டியோடு அனுப்பியிருந்தாள். குடியுங்கள், மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுக்க வேண்டும். குறையாவிட்டால் ஊசிதான்.

பையோடு முக்கினால் அது டீயே இல்லை என்பது ஆவுடையப்பனின் கட்சி. பையைக் கத்தரித்து, தூளைக் கொட்டி, தளதளவென்று கொதிக்கவிடுவார். வடிகட்டவும் மாட்டார். சத்து போய்விடுமாம். மனுஷன் சொன்னால் கேட்டால்தானே!

கல்யாணத்துக்கு முன்பு இருவரும் ஒரே ஆபீஸில் டைப்பிஸ்டுகள். பதினோரு மணிக்கு கேண்டீனில் ஒரு டீ, இரண்டு பேர். டீ மாஸ்டர் சீனியைக் கலக்கவே மாட்டார்.

மேல்பாதி அவருக்கு.

கரையாத சீனியோடு அடிப்பாதி அவளுக்கு.

"எனக்கு இனிப்பு பிடிக்காது" என்றார் முதல் நாள்.

அவளும் நம்பினாள். அண்ணாந்து, கிளாஸின் அடியைத் தட்டி, கடைசிச் சீனிவரை வாயில் விழவைப்பாள். என்ன சுகமான நாட்கள்! ரிட்டயர் ஆகியும் அந்தப் பழக்கம் விடவில்லை.

போன வருஷம் அவளுக்கு சுகர் என்று தெரிந்தபோது அழுதது அவர்தான்.

"நான் ஊட்டின சீனிதாம்ளா இது."

அவருக்கு அந்த நோய் இல்லை. இருந்தும் சீனி டப்பாவைப் பரணில் ஏற்றினார். அன்றிலிருந்து தனித்தனி கிளாஸ். சீனி இல்லாததைவிட அதுதான் அவளை வாட்டியது.

இன்றுதான் மறுபடி ஒரே கிளாஸ்.

ஆனால் அதை அவளிடம் முதலில் நீட்டினார்.

"மேல்பாதிய நீ குடி."

சுருக்கென்றது. அடிப்பாதி அவளுடையதல்லவா?

"இதுல ஒரு பொட்டு சீனி கெடையாது. அதுலயுமா எனக்காகப் பயப்படுதிய?"

"குடிளா."

குடித்தாள். கசந்தது. தாங்கக்கூடிய கசப்புதான்.

பாதியில் வாங்கிக்கொண்டார். அப்போதுதான் பார்த்தாள். கிளாஸின் அடியில் கறுகறுவென்று தூள் மண்டிக் கிடந்தது.

அவர் அண்ணாந்தார். அடியைத் தட்டினார். முகம் கோணி, கண்ணில் நீர் முட்டியது.

"எனக்குக் கசப்பு பிடிக்கும்" என்றார்.

அந்த முகம் அவளுக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்பு, கேண்டீனில், முதல் நாள் பார்த்த அதே முகம்.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து டப்பாவை இறக்கினாள். கட்டி தட்டிப்போயிருந்த சீனியை ஒரு ஸ்பூன் சுரண்டி எடுத்தாள்.

"வாயத் தொறங்க."

மறுபேச்சு பேசாமல் திறந்தார்.