மாரில் கட்டிய மல்லிகை

என் மனைவி கௌசல்யாவின் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருந்தது.

பழைய வேட்டியைக் கிழித்து, கொல்லைச் செடியில் பறித்த பூவைப் பரப்பி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள். சுவரோரம் பாயில் வாயைத் திறந்தபடி கிடந்தாள்.

நான் பூ மார்க்கெட்டில் சரக்கைப் போட்டுவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். கையில் வண்டிச்சாவி. வெளியே நல்ல வெயில்.

எங்கள் சேவுகம்பட்டிப் பக்கம் பூவை எதற்கெதற்கோ கட்டுவார்கள். மார்பில் கட்டுவது ஒன்றுக்குத்தான். பிள்ளை செத்துப்போனால், குடிக்க ஆளில்லாத பால் வற்றட்டும் என்று கட்டுவார்கள். என் அக்கா பேச்சாயிக்கு அப்படிக் கட்டினார்கள். நான்தான் தோட்டத்திலிருந்து பறித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

தொட்டில் அசையாமல் தொங்கியது.

நான் சட்டென்று பயப்படுகிற ஆள் இல்லை. இருட்டில் பூப்பறிக்கையில் காலடியில் பாம்பு ஓடினாலும், போடா அந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போகிறவன். இப்போது நாலடி தள்ளியிருந்த தொட்டிலுக்குப் போக முடியவில்லை. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்காதவரைக்கும் எனக்குப் பிள்ளை இருக்கிறான். கிறுக்குத்தனம்தான். ஆனாலும் அப்படியேதான் நின்றேன்.

விடியுமுன் நான் கிளம்பும்போது அழுதுகொண்டிருந்தான். மாமியார் லீவு முடிந்து மில்லுக்குத் திரும்பிப் போனதிலிருந்து கௌசல்யாவுக்கு மாற்றாள் கிடையாது. என் அம்மாவும் உயிரோடில்லை. ராத்திரியெல்லாம் பால், பகலெல்லாம் பால். செத்த நேரம் இவனைப் பிடிங்க என்று கேட்டாள். இந்தா வந்துர்றேன் என்று வண்டியை எடுத்துவிட்டேன். மொட்டு விரிந்துவிட்டால் பூ விலை போகாதே.

தொட்டிலுக்குள் ஒரு சத்தம்.

தும்மல். பூனைக்குட்டி தும்முகிற மாதிரி ஒரு சின்னத் தும்மல்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் ஒரு கோபம். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் பாலை வற்ற வைக்கிறாளா இவள்? தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை. தொட்டிலைப் பார்த்தாள்.

"பால் குடுக்கையில தூங்கிர்றேங்க. காலைல முழிச்சுப் பாத்தா அவன் மூஞ்சி மாருக்குள்ள பொதைஞ்சு கெடக்கு. கையக் கால ஆட்டல. தூக்கி ஒதறுனப்பெறகுதான் வீர்னு அழுதான். புட்டிப்பால் வாங்கியாந்துருங்க. புட்டின்னா நீங்களும் குடுக்கலாம். என்னால அவனுக்கு ஒன்னு ஆயிரக்கூடாது."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமில்லையா.

தும்மியவன் இப்போது பசியில் கத்த ஆரம்பித்தான். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் கட்டியிருந்த துணியில் ஈரம் பரவியது. பூவாவது, வற்ற வைப்பதாவது.

நானே முடிச்சை அவிழ்த்தேன். வாடிப்போன பூவை அள்ளி ஓரமாகப் போட்டேன். அவளை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தினேன். அவன் ஆவேசமாகக் கவ்விக்கொண்டான். அவன் மூக்குக்கும் அவள் மார்புக்கும் நடுவில் என் ஆள்காட்டி விரலைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நீ தூங்கு. நான் பாத்துக்கிறேன். கண்ண எடுக்க மாட்டேன்."

அவள் கண்ணை மூடினாள்.

நான் கண்ணை எடுக்கவில்லை. அவன் மூக்கு நுனியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தது. அதையே பார்த்தேன். இன்றைக்குப் பூ என்ன விலைக்குப் போனது என்றுகூட நினைக்கவில்லை. விரலில் அவன் மூச்சு பட்டுப் பட்டு விலகியது. பட்டது. விலகியது. இத்தனை விழிப்பாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

"ஏங்க," என்றாள் கௌசல்யா மெதுவாக.

அவன் மூக்குக்கும் மார்புக்கும் நடுவில் இருந்தது அவளுடைய விரல். என் கை பாயில் கிடந்தது.

"நீங்க தூங்கி ரொம்ப நேரமாச்சு."