வெளிப்பக்கக் கை

ஞாயிறு மதியம், அலபாமாவின் சிறிய கல்லூரி ஒன்றின் இருட்டறையில் திரை மட்டும் புல்லின் பச்சையில் ஒளிர்கிறது. ஓடுவது நேற்றைய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். பந்தைச் சுமந்து ஓடும் முதலாண்டு மாணவன் ஜமாரியஸ், வலது எல்லைக்கோட்டை ஒட்டிப் பாய்கிறான். பயிற்சியாளர் ஹோல்கம் படத்தை நிறுத்துகிறார். கோட்டோரம் ஓடுகிறவன் பந்தை வெளிப்பக்கக் கையில்தான் வைத்திருக்க வேண்டும். இவனோ அதை இடது கையில், எதிரிகளின் பக்கமாகவே வைத்திருக்கிறான். “ஏன்டா, பந்தை அவங்களுக்கே பரிசாக் குடுக்கப் போறியா?” பக்கத்து நாற்காலியில் ஜமாரியஸ் சிரிக்கிறான். “கவனிக்கல கோச். வர்ற சனிக்கிழமை ஆட்டத்துல சரியா வச்சுக்கறேன். அன்னைக்கு முப்பது தடவை பந்தை எங்கிட்ட குடுத்து ஓடவிடறேன்னு பெரிய கோச் சொல்லிட்டாரு.”

ஹோல்கம் படத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறார். முதல் பாதியில் பந்து சரியான கையில் இருக்கிறது. பிறகு ஒரு தடியன் அவனை வலது தோளில் மோதிச் சாய்க்கிறான். அதன்பின் விழும்போதெல்லாம் ஜமாரியஸ் இடது கையை ஊன்றியே எழுகிறான். “இந்தா, பிடி.” ஹோல்கம் தண்ணீர் பாட்டிலை அவனுக்கு வலப்பக்கமாக மெல்லத் தூக்கிப் போடுகிறார். அது தரையில் விழுந்து உருள்கிறது. அவன் வலது கை கால்சட்டைப் பையைவிட்டு வெளியே வரவில்லை. “பெரிய கோச்கிட்ட சொல்லிடாதீங்க கோச். இப்பதான் எனக்கு டீம்ல இடம் கெடச்சிருக்கு.” ஹோல்கம் குனிந்து பாட்டிலை எடுக்கிறார். மூடியைத் திருகித் திறந்து, அவனுடைய இடது கையில் கொடுக்கிறார். “சொல்லத்தான் போறேன். நீ குடி.”