இளவரசிக்கு அம்மா இல்லை

மஞ்சள் டோப்பாவுக்குள் லோசாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. சிட்னிப் புறநகர் ஒன்றின் கொல்லைப்புறத்தில், கலர் மிட்டாய் தூவிய வெண்ணெய் ரொட்டியை ஈ மொய்க்கிறது. பிறந்தநாள் வீடுகளுக்கு இளவரசி வேடம் கட்டிப் போவது அவள் பிழைப்பு. டோப்பா தலையில் இருக்கும்வரை சொந்தப் பேரைக்கூடச் சொல்லக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். ஆறு வயது நிறையும் மேவ் அவள் மடியில் ஒட்டிக்கொண்டு, ஜரிகையை நகத்தால் சுரண்டுகிறாள். “உங்கம்மா எங்க?” என்று இளவரசியைக் கேட்கிறாள். “இதுகூடத் தெரியாதா, மக்கு?” என்கிறாள் பக்கத்து வீட்டுச் சிறுமி. “இளவரசிக்கெல்லாம் அம்மா கிடையாது. படம் ஆரம்பிக்கிறப்பவே செத்துடுவாங்க.” கேக் வெட்டக் கத்தியோடு வந்த மேவின் அப்பா அப்படியே நின்றுவிடுகிறார். மேவின் நகம் ஜரிகையை விடுகிறது. “என் அம்மாவும் செத்துட்டாங்க. அப்ப நானும் இளவரசிதானே?”

“ஆமாடா தங்கம். இளவரசியேதான்,” என்கிறாள் லோசா. அந்த நேரம் பார்த்துப் பாவாடைப் பைக்குள் போன் அதிர்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்ட கை காயுமுன் சொந்த ஊரான சமோவாத் தீவிலிருந்து கூப்பிடுவது லோசாவின் அம்மாதான். ஒரு வாரம் தவறியதில்லை. “யாரு?” என்று மேவ் நிமிர்ந்து பார்க்கிறாள். “யாருமில்லடா,” என்கிறாள் லோசா, அதிர்வு அடங்கும்வரை பையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி.