இரண்டு முறை கசப்பு

குளம் வற்றிச் சேறாகிவிட்ட கோடையில், வீட்டுக்காரர்கள் தொட்டித் தவிட்டில் கடுக்காய்த் தூளைக் கலந்து வைத்தார்கள். மாடு விடும் ஏப்பத்தின் வாயு வானத்தைச் சூடாக்குகிறது, இதைத் தின்றால் அது குறையும் என்று அவர்கள் பேசிக்கொண்டது மயிலைப் பசுவின் காதில் விழுந்தது. முகம் சுளித்தபடியே அது தின்று முடித்தது.

கோணக்கொம்பி எருமையோ தன் தொட்டியை மூக்கால் தள்ளிவிட்டு வைக்கோலை இழுத்தது. "அடியே, உலகத்துல எத்தனை கோடி மாடு இருக்கு. உன் ஒரு ஏப்பத்துலதான் வானம் வேகுதாக்கும்."

மதியம் மயிலை படுத்து அசைபோட்டபோது, விழுங்கிய கசப்பு அப்படியே வாய்க்குத் திரும்பி வந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"துப்பித் தொலையேன்" என்றது எருமை.

"துப்பிட்டா காலையில தின்னது வீணாப் போயிடும், அக்கா" என்று மறுபடி மென்றது மயிலை.

சாயங்காலம் இரண்டும் குளத்துக்குப் போயின. எருமை இறங்கிப் படுத்தது, வயிறுகூட நனையவில்லை. "இந்த வெயிலை எவதான் கொண்டுவந்தாளோ" என்று சலித்துக்கொண்டபோது, அதற்கு நீளமாக ஒரு ஏப்பம் வந்தது. பாதியிலேயே வாயை மூடிக்கொண்டு கரையைப் பார்த்தது.

மயிலை மென்றுகொண்டே இருந்தது.