பக்கத்து வீட்டு வேதக்காரி

"பெத்த தகப்பனுக்கு ஒரு பிடி சோறு படைக்காத வேதக்காரச் சனம். அவளோட உமக்கென்ன கதை?" என்றார் சிவநேசம்.

அவள் என்றது பக்கத்து அப்பார்ட்மென்ட் மாக்கிரட்டை. கொரியாக்காரி, கிறிஸ்தவ வேதம். சென்ட் லோரன்ட் வீதித் தையல் ஃபாக்டரியில் சிவநேசத்தின் மனைவி கௌரியோடு வேலை. இரண்டு பேருக்கும் அரைகுறைப் பிரெஞ்சுதான். திவசம், காகம், ஊர்க்கதை எல்லாம் அதிலேயே ஓடும்.

மாக்கிரட் சொன்ன வீட்டுக்கதையைக் கௌரி கேட்டதோடு விட்டிருக்கலாம். வந்து மனுசனிடம் சொல்லிவிட்டாள். இருநூறு வருசத்துக்கு முன்னம் கொரியாவின் படிப்பாளிகள் பீக்கிங்கிலிருந்து வெள்ளைக்காரரின் புத்தகங்களைக் கொண்டுவந்தார்களாம். வானசாஸ்திரம், கணக்கு, கூடவே கத்தோலிக்கம். பாதிரிச் சுவாமியார் ஒருவரும் வரமுதலே வாசித்து வாசித்து வேதத்துக்கு மாறினார்களாம். பிறகு செத்த தாய் தகப்பனுக்குப் படைப்பதையும் நிறுத்திவிட்டார்கள். ராசா சும்மா விடுவானா? மாக்கிரட்டின் பூட்டனின் பூட்டனுக்குத் தலை போனது.

"போகத்தானே வேணும். நாலு வெள்ளைக்காரப் புத்தகம் படிச்ச உடனை அப்பன் ஆரெண்டு மறந்திடும்."

சிவநேசம் அப்படி மறக்கிற ஆளில்லை. தகப்பனின் திவசம் புதன்கிழமை வந்தது. லீவு கிடைக்கவில்லை, ஞாயிறுக்கு மாற்றினார். அதை மேலே போன அப்பர் ஒத்துக்கொள்வாராம். காகத்தின் விசயத்தில் மட்டும் சாஸ்திரம் இம்மியும் பிசகக் கூடாது.

பல்கனியில், பேப்பர் பிளேட்டில் எள்ளுச்சோறு வைத்தாயிற்று. மாக்கிரட்டின் பல்கனிக்கும் இதற்கும் நடுவில் ஒரு கம்பித் தடுப்புத்தான். தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஒக்டோபர்க் குளிர். கோட்-டெ-நெய்ஜ் பக்கம் காகம் ஒன்றையும் காணோம்.

"இஞ்சாருங்கோ, சுகர் இறங்குது போல," என்றாள் கௌரி. விடியத்தொடக்கம் சமைத்தவள். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"காகம் தொடாமல் நாங்கள் தொடுறதோ? அப்பர் பசியோட நிக்கிறார். கொஞ்சம் பொறும்."

கௌரி பல்கனிக் கதவடியிலேயே சாய்ந்து இருந்துவிட்டாள். கண் இருட்டிக்கொண்டு வர, மூடிக்கொண்டாள்.

சிவநேசம் உள்ளே போய் இன்னொரு தேவாரம் பாடிவிட்டு வந்தார். பிளேட்டில் ஒரு பருக்கை இல்லை.

"பாத்தீரே, அப்பர் வந்திட்டுப் போயிட்டார். உந்த வேதக்காரிக்கும் போய்ச் சொல்லும்."

கௌரி முதலில் வயிறாரச் சாப்பிட்டாள். பிறகு நாலு வடையோடு போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த மாக்கிரட்டின் உதட்டோரத்தில் எள்ளு ஒட்டியிருந்தது. கௌரி தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"செத்தவைக்குப் படைச்ச சோறு தின்னக்கூடாது, பாவமெண்டு அம்மா சொல்லித்தான் வளர்த்தவ," என்றாள் மாக்கிரட். "பக்கத்து வீட்டுக்காரி மயங்கி விழுறதைப் பாத்துக்கொண்டிருக்கச் சொல்லேல்லை."