டிஸ்க்கைப் பிடுங்கும் நேரம்

“டிஸ்க்கைப் பிடுங்கறதை மத்தியானத்துக்குத் தள்ளி வச்சுக்கலாமா மேடம்?”

தாடிக்காரர் இப்படிக் கேட்டதும் மேடத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக சர்வர் விற்கிற ஆள், சோதனையன்றைக்கா வாய்தா கேட்பார்?

பல்கலைக்கழகத்தில் லட்சம் பேருக்கு மெயில். அதைத் தாங்கப் புது சர்வர் வேண்டும். கடைசியாக நின்றது இரண்டு கம்பெனி. எதை வாங்குவதென்று முடிவு செய்ய வேண்டிய மேடம் விளம்பரத் தாள்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார். மெயிலைக் கொட்டோ கொட்டென்று கொட்டி, சர்வர் மூச்சு முட்ட ஓடும்போது ஒரு டிஸ்க்கைக் கையாலேயே பிடுங்குவார். மெயிலெல்லாம் பதிகிற டிஸ்க் ஒவ்வொரு சர்வரிலும் பல உண்டு; ஒன்று போனால் மிச்சமிருப்பவை தாங்க வேண்டும். சேர்ந்தாற்போல இரண்டு போனால் இந்த ரகத்தில் எந்த சர்வரும் காலி. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

“உங்க சர்வர் ரெடியா இல்லையா?”

“கொஞ்சம் டைம் கிடைச்சா நல்லது மேடம்.”

“டைம் கேட்டா மார்க்கைக் குறைப்பேன். தெரியும்ல?”

“குறைச்சுக்கங்க.”

மேடத்தின் உதவியாளர் சும்மா இருப்பாரா? “என்னண்ணே, பெட்டிக்கு வயித்தைக் கலக்குதா?”

“எனக்குத்தாம்பா கலக்குது. பெட்டி பாவம், அதை விடு.”

எதிர்க் கம்பெனிப் பெண் வாயே திறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து அவளுக்கு இதுதான் முதல் போட்டி. அலட்டல் இல்லாத பெண் என்று மேடத்துக்கு அவளைப் பிடித்துப்போனது.

சாப்பாட்டுக்குப் பிறகு சோதனை. மேடம் இரண்டு சர்வரிலும் டிஸ்க்கைப் பிடுங்கினார். இரண்டும் அசையவில்லை. ஒரு மெயில்கூடத் தொலையவில்லை. சரிக்குச் சரி. காலையில் குறைத்த மார்க்தான் தீர்ப்புச் சொன்னது.

“ஆர்டர் உனக்குத்தாம்மா.”

தாடிக்காரர் அவளுக்குக் கை கொடுத்தார். தன் சர்வரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“பார்த்தியா?” என்றார் மேடம். “அனுபவம் மட்டும் இருந்தா போதாது. வரும்போதே ரெடியா வரணும், உன்னை மாதிரி.”

மேடம் நீட்டிய ஆர்டர் தாளை அவள் வாங்கவில்லை. “ரெடியா வராதது நான்தான் மேடம். அவர் சர்வர் காலையிலேயே ரெடி.”

“என்ன சொல்றே?”

“லாரி குலுக்கின குலுக்கல்ல என் சர்வர்ல ஒரு டிஸ்க் செத்துப்போச்சு. வேற போட்டேன். மத்த டிஸ்க்ல இருக்கறதெல்லாம் அதுல ஏறி முடிய மத்தியானம் ஆகும்னு காட்டுச்சு. அதுக்குள்ள நீங்க இன்னொண்ணைப் பிடுங்கியிருந்தா ரெண்டு போன கணக்கு. டைம் கேட்டா மார்க் போயிடுமேன்னு பயந்து நின்னேன். அவர் பார்த்துட்டார்.”

“பார்த்துட்டு?”

“‘நீ பேசாம இரும்மா, நான் கேக்கறேன்’னார். ஏன் சார்னு கேட்டேன். ‘நொண்டுற சர்வரோட பந்தயம் ஓடி ஜெயிச்சிட்டு, வீட்ல போய் என்னன்னு சொல்லிக்கறது’ன்னார்.”