வேதா யோசித்த அரை மணி நேரம்

"தப்பிக்க ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. அங்க போறதுக்கு அரை மணி நேரமா?"

ரோஹிணி வாய்விட்டே கேட்டுவிட்டாள். பதில் சொல்லத்தான் வீட்டில் யாருமில்லை.

தாம்பரத்தில் அவர்களுடைய செஸ் கிளப் நடத்திய கம்ப்யூட்டர் செஸ் போட்டி முந்தின நாள்தான் முடிந்திருந்தது. ஆடியதெல்லாம் அவரவர் வீட்டில் உட்கார்ந்து எழுதிய புரோகிராம்கள். லேப்டாப் சொல்கிற மூவை, எழுதியவர் போர்டில் நகர்த்திவிட்டுக் கடிகாரப் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கிய பிறகுதான் எதிராளியின் நேரம் ஓடும். மற்றபடி எழுதியவர் வாயே திறக்கக் கூடாது.

ஊரப்பாக்கம் தோத்தாத்ரி தன் புரோகிராமுக்கு மனைவியின் பெயரையே வைத்திருந்தார், வேதா என்று. வீட்டில் மாதிரிதான் இங்கேயும், அவள் சொல்கிறாள், நான் செய்கிறேன் என்று அவரே சொல்லிக்கொள்வார். மூவ் கிடைத்ததும் லேப்டாப்பிலிருந்து பூஜை மணிச் சத்தம் வரும். முதல் நாள் அந்த மணி அடித்தபோது ஹாலே சிரித்தது.

இரண்டாவது சுற்றுக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வேதா தன் ராணியையே தூக்கிக் கொடுத்துவிட்டு, எதிராளி சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அவன் ராஜாவை மூலையில் மடக்கியது. ஒரு பேங்க் அதிகாரி லீவு நாட்களில் உட்கார்ந்து எழுதியதா இது என்று ரோஹிணி அசந்து போனாள். பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறவள், சுலபத்தில் யாரையும் புகழ மாட்டாள். போட்டியைப் பற்றிக் கிளப்புக்காக அவள் எழுத ஆரம்பித்த விமர்சனத்தில் முதல் பக்கம் முழுக்க வேதா புராணம்தான்.

கடைசிச் சுற்றில்தான் வந்தது வினை.

எதிரே பொழிச்சலூர் கரீம் பாய். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய புரோகிராமின் பெயர் சிப்பாய். வேதா ஏறக்குறைய ஜெயித்துவிட்ட நிலையில், சிப்பாய் கடைசி ஆசையாக ஒரு செக் வைத்தது. ராஜா நகர ஒரே கட்டம். ஆட்டம் கற்று ஒரு வாரமான குழந்தைகூடச் சட்டென்று நகர்த்திவிடும். வேதாவுக்கோ அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் தாறுமாறாக ஆடி, கையிலிருந்த ஆட்டத்தைக் கோட்டை விட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்தது. ஆட்டம் முடிந்தவர்களெல்லாம் காற்று வாங்க மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள், ரோஹிணியும்தான். கரண்ட் வந்து இறங்கி வந்தபோது தோத்தாத்ரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கடிகாரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. என்ன நடந்தாலும் கடிகாரத்தை நிறுத்தக் கூடாது என்று விதி போட்டவரே அவர்தான். விதி விஷயத்தில் மனிதர் அவ்வளவு கறார்.

இப்போது இரண்டு பேருக்கும் சமமான புள்ளிகள். பெங்களூரில் நடக்கும் பெரிய போட்டிக்கு ஒரு புரோகிராம்தான் போக முடியும். ரோஹிணியின் விமர்சனத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். பெங்களூர் என்பது தோத்தாத்ரிக்குப் பல வருஷக் கனவு என்பது அவளுக்குத் தெரியும்.

மனசு கேட்காமல் அவருக்கே போன் செய்தாள். என்ன ஆச்சு சார், வேதா ஹேங் ஆயிடுச்சா என்று கேட்டாள்.

"லேட் ஆனது நிஜம்தானேம்மா" என்றார் தோத்தாத்ரி. "நடந்ததை அப்படியே எழுதிடு."

ஒரு சாக்காவது சொல்லக் கூடாதா இந்த மனுஷர் என்று எரிச்சலாக வந்தது. வேறு வழியில்லாமல் எழுதினாள்: 'அழகாக ஆடும் வேதா, நெருக்கடியில் உறைந்துபோகிறது. நம்பி வெளியூர் அனுப்ப முடியாது.'

கரீம் பாய்க்கு முதலில் சொல்லிவிடலாம் என்று கடைக்குப் போன் போட்டு, அந்த வரிகளைப் படித்துக் காட்டினாள். சிப்பாய்தான் பெங்களூர் போகிறது என்றாள்.

"அதை எடுத்துடுங்க மேடம். வேதாவையே அனுப்புங்க."

"ஏன் பாய்? ஹேங் ஆனது உண்மைதானே?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டார். அதனாலதான் நேத்து பேசாம இருந்தேன்." கரீம் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் செக் வச்சு பட்டனை அமுக்கினதும் கரண்ட் போச்சு. என் லேப்டாப் பேட்டரி எப்பவோ செத்துப் போச்சு, கரண்ட் இருந்தாதான் ஓடும். அப்படியே அணைஞ்சிடுச்சு. எனக்கு மிச்சம் இருந்தது அஞ்சே நிமிஷம். அவர் ராஜாவை நகர்த்திட்டுப் பட்டனை அமுக்கியிருந்தா, கரண்ட் வர்றதுக்குள்ள என் நேரம் முடிஞ்சு நான் தோத்திருப்பேன்."

"அப்ப வேதா அரை மணி நேரம் யோசிச்சது?"

"வேதா எங்க மேடம் யோசிச்சது? பூஜை மணி உடனே அடிச்சிடுச்சு. கரண்ட் வந்து என் லேப்டாப் உயிரோட எழுந்திருக்கிற வரைக்கும், தோத்தாத்ரி சார்தான் காதுல விழாத மாதிரி கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார்."